துலக்காத வாயுடன் வரவும்

அடுப்புக்காரருக்கு வயது நாற்பத்தாறு, பல் முப்பத்திரண்டு. முதல் எண் வருடத்துக்கு ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாவது எண் அசையவில்லை. அதில் அவருக்கு வெளியே சொல்லிக்கொள்ளாத ஒரு பெருமை உண்டு. ரொட்டித் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக அடுப்படியில் நிற்கிறவர். பெயரைச் சொன்னால் தெருவில் யாருக்கும் தெரியாது. அடுப்புக்காரர் என்றால் தபால்காரர்கூட சரியான மாடிக்கு ஏறிவிடுவார். காலையில் எழுந்ததும் இரண்டு நிமிடம், படுக்கப்போகும் முன் இரண்டு நிமிடம் பல் துலக்குவார். மெத்தென்ற பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட், ஈறோரமாகச் சின்னச் சின்ன வட்டங்கள், கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் வரைக்கும். இதை யாரும் கண்காணிக்கவில்லை, யாரும் பாராட்டவும் இல்லை. ஒரு மனிதன் இப்படித் தன்பாட்டுக்குப் பல் துலக்கிக்கொண்டு திரிவது எவ்வளவு பெரிய நிர்வாகக் குறைபாடு என்பது அவருக்குத் தெரியாது.

பல் துலக்கல் வாரியத்துக்குத் தெரிந்திருந்தது. மக்கள் தினமும் ஒழுங்காகப் பல் துலக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வாரியத்தைத் தொடங்கினார்கள். நோக்கத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நல்ல நோக்கத்துக்குக் கட்டடம் கட்டி, கட்டடத்துக்கு ஆள் போட்டு, ஆளுக்கு நாற்காலியும் போட்டுவிட்டால், அப்புறம் எல்லோரும் நாற்காலியைப் பார்ப்பார்களா, நோக்கத்தைப் பார்ப்பார்களா?

ஒரு திங்கட்கிழமை, தொழிற்சாலை மேற்பார்வையாளர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். உணவுப் பொருளைத் தொடுகிற தொழிலாளர்கள் அனைவரும் முப்பது நாட்களுக்குள் வாரியத்திடம் 'தினசரி துலக்கல் சான்று' வாங்கிவிட வேண்டும். வாங்காதவர்களின் வேலை அட்டை செல்லாது. வேலை அட்டை இல்லாதவரை எந்த ரொட்டிக் கடையும் அடுப்புப் பக்கம் சேர்க்காது. அடுப்புக்காரருக்கு அடுப்பைத் தவிர வேறு வேலை தெரியாது. மனைவி வீட்டில் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறாள், இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். தாளை இரண்டு முறை படித்தார்.

"உங்களுக்கு என்னண்ணே கவலை," என்றார் மேற்பார்வையாளர். "இந்தத் தொழிற்சாலையிலேயே ஒழுங்கா பல்லு விளக்கறவர் நீங்க ஒருத்தர்தான். போனதும் கையில குடுத்து அனுப்பிடுவாங்க."

அடுப்புக்காரரும் அப்படித்தான் நினைத்தார். மாவு பிசைபவரிடம் சொல்லிக் காலை ஷிப்டை மதியத்துக்கு மாற்றிக்கொண்டார். மறுநாள் காலை வழக்கத்தைவிட ஒரு நிமிடம் கூடுதலாகப் பல் துலக்கி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாரியத்துக்குப் போனார். இந்தக் கதையில் அவர் செய்த ஒரே தவறு அதுதான்.

முதல் ஜன்னலில் இருந்த அம்மாள் படிவத்தை வாங்குவதற்கு முன்பே மூக்கைச் சுளித்தார்.

"பேஸ்ட் வாசனை வருது. விளக்கிட்டா வந்திருக்கீங்க?"

அடுப்புக்காரர் கொஞ்சம் பெருமையாகவே ஆமாம் என்றார்.

அந்த அம்மாள் சுவரில் இருந்த பலகையைப் பேனாவால் காட்டினார். 'விண்ணப்பதாரர்கள் துலக்காத வாயுடன் வரவும்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. அதன் நியாயத்தை அவரே பொறுமையாக விளக்கினார். சான்று தர வேண்டும் என்றால் அலுவலர் நேரில் பார்க்க வேண்டும். ஏற்கெனவே துலக்கிய பல்லை அலுவலர் முன்னால் துலக்கினால் அது துலக்கல் ஆகாது, மறுதுலக்கல். மறுதுலக்கலுக்கு வேறு ஜன்னல், அது இன்னும் திறக்கப்படவில்லை. மூன்று நாள் பல்லில் கை வைக்காமல் இருந்துவிட்டு வந்தால் பரிசீலிக்கலாம்.

"மூணு நாளா?" என்றார் அடுப்புக்காரர்.

"அழுக்கே இல்லாம வந்து சுத்தம் பண்ணிக் காட்டறேன்னா நாங்க எதைப் பாத்து கையெழுத்துப் போடறது? நீங்களே சொல்லுங்க."

அந்தக் கட்டடத்துக்குள் கேட்கும்போது எல்லாமே சரியாகத்தான் பட்டது. வாசலைத் தாண்டிய பிறகுதான் தலை சுற்றியது.

அந்த மூன்று நாளை அவர் எப்படித் தள்ளினார் என்பதை விவரிக்காமல் விடுவது வாசகருக்கு நல்லது. முதல் நாள் நாக்கு திரும்பத் திரும்பப் பல்லைத் தடவிப் பார்த்தது. இரண்டாம் நாள் தடவுவதை நிறுத்திக்கொண்டது. அடுப்படியில் யாராவது பேச வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு பதில் சொன்னார். மனைவி நல்லவள், குத்திக்காட்டவில்லை. மூன்றாம் நாள் மட்டும், "என்னங்க, ஏதாவது சொல்லணும்னா எழுதிக் காட்டிடுங்களேன்," என்றாள்.

நான்காம் நாள் அழுக்கு மதிப்பீட்டுப் பிரிவில் ஓர் இளைஞர் சின்ன டார்ச்சை அடித்து வாய்க்குள் பார்த்தார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அழுக்கு மூன்றாம் தரம்தான் தேறுகிறது, சான்றுக்கு இரண்டாம் தரமாவது வேண்டும் என்றார். அடுப்புக்காரர் கையைப் பிசைந்தார். சின்ன வயதிலிருந்து விடாமல் துலக்கியதன் விளைவு இது, மூன்று நாளில் சட்டென்று போய்விடாது என்பதை இளைஞரும் அனுதாபத்தோடு ஒப்புக்கொண்டார். இப்படிப்பட்டவர்கள் இரண்டு பேர் போன வாரமும் வந்து அழுதுவிட்டுப் போனார்களாம்.

"மனசைத் தளர விடாதீங்க சார்," என்றார். "கீழ மிட்டாய்க் கடை இருக்கு. ராத்திரி படுக்கும்போது நாலு மிட்டாயை வாயில ஒதுக்கிட்டுப் படுங்க. ஒரே வாரத்துல ரெண்டாம் தரம் வந்துடும். நானே பொறுப்பு."

மிட்டாய்க் கடை வாரிய வளாகத்துக்குள்ளேயே இருந்தது. ஊழியர் நலச் சங்கம் நடத்துகிற கடை. கல் மிட்டாய், பால் மிட்டாய், ஒட்டு மிட்டாய் என்று கண்ணாடிச் சாடிகள், ஒவ்வொன்றின் மேலும் எத்தனை நாளில் எந்தத் தரம் கிடைக்கும் என்று ஒரு சீட்டு. அடுப்புக்காரர் ஒட்டு மிட்டாயும் கல் மிட்டாயும் கலந்து வாங்கிக்கொண்டார். நாற்பத்தாறு வயதில், இரண்டு பெண்களுக்கு அப்பா, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு மிட்டாய் சப்பினார். பெரிய பெண் பார்த்துவிட்டுத் தங்கையிடம் ஏதோ கிசுகிசுத்தாள். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

வாரம் முடிந்ததும் இரண்டாம் தரம் வந்துவிட்டது. டார்ச் இளைஞர் எழுந்து நின்று கைகுலுக்கினார்.

அதன் பிறகுதான் துலக்கல் கூடம். பதினான்கு தொட்டிகள், ஒவ்வொரு தொட்டிக்கும் எதிரே உயரமான ஸ்டூல், ஸ்டூலில் ஒரு நேர்சாட்சி அலுவலர். தொடர்ந்து ஏழு நாள், தினமும் காலையில் வந்து, அழுக்குத் தரத்தை மறுபடி காட்டிவிட்டு, சாட்சியின் முன் துலக்க வேண்டும். வீட்டில் துலக்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதாவது ஏழு நாளும் ராத்திரி மிட்டாய், காலையில் கூடம். அடுப்புக்காரருக்கு வாய்த்த சாட்சி அறுபதை நெருங்கியவர், அமைதியானவர். வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. அடுப்புக்காரர் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"சாட்சிகள் யாருக்கும் பல்லு இருக்காது," என்றார். "விதி அப்படி. பல்லு இருக்கறவனுக்குத் தன் பல்லு மேல ஒரு பாசம் இருக்கும். அவன் எப்படி அடுத்தவன் பல்லை நடுநிலையா பாப்பான்?"

அடுப்புக்காரர் தலையாட்டிவிட்டு, தன் வழக்கப்படி ஈறோரத்தில் சின்ன வட்டங்களாகத் துலக்கத் தொடங்கினார். வாரியம் தந்த பிரஷ் பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி இருந்தது, ஆனாலும் பதினொரு நாளுக்குப் பிறகு பல்லில் பிரஷ் பட்டதில் கண் கலங்கிவிட்டது. சாட்சி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"என்ன பண்றீங்க?"

"விளக்கறேங்க."

"வட்டமா போகுதே. வட்டத்துக்கு ஆரம்பம் எது, முடிவு எது? நான் எதைன்னு எண்றது?"

எட்டுப் பகுதி, பகுதிக்குப் பதினைந்து இழுப்பு, மொத்தம் நூற்றிருபது. இடமிருந்து வலம் ஒன்று, வலமிருந்து இடம் இரண்டு. கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய இழுப்பு மட்டுமே துலக்கல் என்று கையேட்டில் இருந்தது. வட்டம் செல்லாது. மென்மையாகத் துலக்கினால் பிரஷ் நகர்ந்ததா இல்லையா என்று சாட்சிக்குச் சந்தேகம் வரும், அதனால் அதுவும் செல்லாது. பல் மருத்துவர்கள் வட்டமாகத்தானே துலக்கச் சொல்கிறார்கள் என்று அடுப்புக்காரர் நுரையோடு கேட்டார். மருத்துவர்கள் எண்ணிப் பார்த்தார்களா என்று சாட்சி திருப்பிக் கேட்டார்.

மரம் அறுக்கிற மாதிரி நூற்றிருபது முறை இழுத்தார். ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. ரத்தத்துக்குத் தனிப் படிவம் இருந்தது, ஊதா நிறத்தில். அதில் 'ரத்தம் விண்ணப்பதாரருடையதே' என்று அவர் உறுதியளித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முதல் நாள் வரவு வைக்கப்பட்டது.

இப்படி நான்கு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் போனபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். துலக்கல் வார விழா. பதினான்கு தொட்டியிலும் பூச்செடி வைத்து அலங்கரித்திருந்ததால் ஒரு வாரத்துக்குத் துலக்கல் கிடையாது. தன் ஏழு நாள் கணக்கு என்ன ஆகும் என்று அடுப்புக்காரர் ஆளுக்கு ஆள் கேட்டுப் பார்த்தார். தொடர்ச்சி அறுந்துவிட்டது, மறுபடி ஒன்றிலிருந்து என்றார்கள். அட்டைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணினார். விழா ஒரு வாரம், அதற்கப்புறம் ஏழு நாள் என்றால், ஒரு நாளும் பிசகாமல் இருந்தால் தப்பிக்கலாம். வந்ததற்கு ஏதாவது உபயோகமாகட்டும் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வாரியத் தலைவர் பேச எழுந்தார்.

"பெரியோர்களே, நம் வாரியம் தோன்றுவதற்கு முன்பு இந்த மக்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள். ஆம். வீட்டுக்கு வீடு, கேட்பாரற்று, அவரவர் விருப்பப்படி துலக்கிக்கொண்டிருந்தார்கள். யார் துலக்கினார், எந்தப் பல்லில் தொடங்கினார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் உண்டா? அந்த இருண்ட காலத்தை நாம் கடந்துவிட்டோம். முன்பெல்லாம் இந்த நகரத்தில் பல் துலக்காதவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. இன்று நமக்குத் துல்லியமாகத் தெரியும். எண்பத்தொன்பது விழுக்காடு."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"பற்கள் சொத்தையாகின்றனவே என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் நம் பெயர்ப் பலகையை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். இது பல் துலக்கல் வாரியம். பல்லைக் காப்பாற்றுவோம் என்று நாம் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். என் காலைப் பொழுது முழுவதையும் மக்களின் பல்லுக்காக அர்ப்பணித்துவிட்டதால், பதவியேற்ற நாள்முதல் எனக்குத் துலக்க நேரம் கிடைத்ததில்லை. அதற்காக நான் வருந்துகிறேனா?"

அவர் வருந்தவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்கள். உணர்ச்சிவசப்பட்டுத்தான் என்று மறுநாள் பத்திரிகையில் வந்தது.

அன்றைக்கு ராத்திரி கல் மிட்டாயைக் கடித்தபோது வலது கீழ்க் கடைவாய்ப் பல்லில் பளீரென்று ஒரு வலி. நாக்கால் தொட்டுப் பார்த்தார். பல் பிளந்திருந்தது. மூன்று நாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றார். ஒரு பக்கம் அடுப்பின் அனல், ஒரு பக்கம் கன்னத்தின் அனல். நான்காம் நாள் மனைவி பொத்தானையும் ஊசியையும் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"வேலை போனா போகுதுங்க. முதல்ல டாக்டர்கிட்ட வாங்க."

பல் மருத்துவரின் வீட்டு வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. அதில் பாதிப்பேர் கையில் வாரியத்தின் மிட்டாய்ப் பொட்டலம். மருத்துவர் களைத்துப்போன ஒரு பெண்மணி. அடுப்புக்காரரின் வாய்க்குள் வெகுநேரம் பார்த்தார். மற்ற பற்களை இத்தனை நேர்த்தியாக வைத்திருக்கிற மனிதர் ஒரே மாதத்தில் என்ன செய்துகொண்டார் என்று கேட்டார். வாரியம் என்றார் அடுப்புக்காரர். மருத்துவர் தலையை ஆட்டினார். அவரும் வாரியத்துக்கு ஒரு மனு போட்டிருந்தாராம். பல்லைப் பற்றிப் பேச அவருக்கு என்ன தகுதி என்று விளக்கம் கேட்டுப் பதில் வந்திருந்ததாம்.

பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, பிடுங்கினார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுந்தவரிடம் மருத்துவர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: "இனிமேலாவது தினம் ரெண்டு வேளை மெதுவா, வட்டமா விளக்குங்க." அடுப்புக்காரருக்கு அழுகை வந்துவிட்டது. பிடுங்கும்போது வராத அழுகை. பெண்களுக்கு முன்னால் மிட்டாய் சப்பியதும், வாயை மூடிக்கொண்டு மனைவியிடம் பேசியதும், இத்தனை வருடம் பார்த்துப் பார்த்து வைத்திருந்த பல் ஒரு தட்டில் விழுந்து கிடந்ததும் எல்லாம் சேர்ந்து வந்தது. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விழா முடிந்து கூடத்துக்குப் போனதும் புதுச் சிக்கல். படிவத்தில் பல் முப்பத்திரண்டு, வாயில் முப்பத்தொன்று. எழுதிக் கொடுத்த எண்ணிக்கையை நடுவில் மாற்ற வழியில்லை, மாற்றினால் புது விண்ணப்பம், புதிதாக மூன்று நாள் அழுக்கு. சாட்சி கையேட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் விதியில் 'விண்ணப்பதாரரின் பற்கள்' என்றுதான் இருக்கிறது, 'விண்ணப்பதாரரின் வாயில் உள்ள பற்கள்' என்று இல்லை என்று கண்டுபிடித்தார். அந்தக் கட்டடத்தில் யாராவது அவருக்காகச் செய்த ஒரே உதவி அதுதான்.

ஆகவே அடுப்புக்காரர் தினமும் பிடுங்கிய பல்லைத் தீப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார். வாயில் இருக்கிற முப்பத்தொன்றையும் துலக்கிவிட்டு, முப்பத்திரண்டாவதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு அதற்குரிய இழுப்புகளை இழுத்தார். சாட்சி எண்ணினார். அது வாயில் இருந்த காலத்தில்கூட இவ்வளவு பளபளப்பாக இருந்ததில்லை.

ஆறாம் நாள், சாட்சியின் முகத்தைப் பார்க்காமல், அவருடைய பல்லெல்லாம் எப்படிப் போயிற்று என்று கேட்டுவிட்டார்.

சாட்சி சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக மூடினார். "வாரியத்தோட முதல் விண்ணப்பதாரர் நான்தான்," என்றார். "பள்ளிக்கூடத்துல சமையல் வேலை. சான்று இன்னும் வரல. அதுக்குள்ள இந்த வேலைக்குத் தகுதி வந்துடுச்சு."

முப்பதாம் நாள் மாலை நாலே முக்காலுக்கு, ஜன்னல் மூடக் கால் மணி நேரம் இருக்கும்போது, சான்று கைக்கு வந்தது. கெட்டியான தாள், இரண்டு சீல், நடுவில் சிரிக்கிற ஒரு வாய். அடுப்புக்காரர் ஓட்டமும் நடையுமாகத் தொழிற்சாலைக்குப் போய் மேற்பார்வையாளரிடம் காட்டினார். அட்டை புதுப்பிக்கப்பட்டது. வேலை தப்பியது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் நீட்டினார். தைக்கிறவளுக்கு எதையும் திருப்பிப் போட்டுப் பார்க்கிற பழக்கம். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை விளக்கடியில் பிடித்து வாசித்தாள்.

'இச்சான்று, சாட்சியின் முன் துலக்கப்பட்ட நிலையிலுள்ள பற்களுக்கு மட்டுமே பொருந்தும். மேற்படி நிலையை ஓராண்டுக்கு மாற்றாமல் பாதுகாப்பது சான்றுடையவரின் கடமை. சாட்சியின்றித் துலக்கியது தெரியவந்தால் சான்று ரத்தாகும். வாரியம் வழங்கிய பிரஷ் வீட்டில் பார்வைக்குப் படும் ஆணியில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். காலை வேளைகளில் ஈரத் தணிக்கை நடைபெறும்.'

"அப்படின்னா ஒரு வருஷத்துக்கு விளக்கக்கூடாதா?" என்றாள்.

அடுப்புக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். பல் துலக்கினால் வேலை போகும், துலக்காவிட்டால் பல் போகும். வேலை இல்லாமல் பிழைக்க முடியாது. பல்லில்லாமல் பிழைக்கலாம்தான், அதற்கு வாரியத்திலேயே வேலையும் கிடைக்கும். நினைக்க நினைக்க அவருக்குக் கோபம் வந்தது. மெதுவாகத்தான் வந்தது, கனமான அடுப்பு சூடேறுகிற மாதிரி. ஆனால் வந்தது.

"நாளையிலேர்ந்து விளக்கப்போறேன்," என்றார்.

ஈரம்தான் ஒரே பிரச்சினை. வாரியத்தின் பிரஷ் தடிமனான நார், ஒரு தடவை நனைத்தால் பொழுது சாயும்வரை சொதசொதவென்று இருக்கும். அவருடைய பழைய மெத்தென்ற பிரஷை வாரியம் விண்ணப்பத்தோடு வாங்கி வைத்துக்கொண்டது. வேறு பிரஷ் வாங்கலாம் என்றால், சான்று பெற்றவர்களுக்கு பிரஷ் விற்கக்கூடாது என்று கடைகளுக்கு உத்தரவு போயிருந்தது. துணியால் துடைத்துப் பார்த்தார்கள், உதறிப் பார்த்தார்கள். மனைவி இஸ்திரிப் பெட்டியைக்கூட யோசித்தாள். மறுநாள் விடிவதற்கு முன் அடுப்படியில் நின்றபோதுதான் அவருக்குப் பிடிபட்டது. பத்தொன்பது வருடம் நின்ற இடம். அடுப்பின் கதவுக்கு மேலே ஓர் இரும்புத் தட்டு உண்டு. மாவு பொங்குவதற்காகக் கிண்ணங்களை வைக்கிற இடம், கையை வைத்தால் இதமாகச் சுடும். பின்னோரத்தில் வைத்தால் பிரஷ் வளைந்துவிடும், முன்னோரத்தில் வைத்தால் எட்டு நிமிடம் கணக்கு. எட்டாவது நிமிடம் எடுத்தால் வைக்கோல் மாதிரி காய்ந்திருக்கும்.

அன்றிலிருந்து நாலு மணிக்கு எழுந்து, குழாயை நூல் போலத் திறந்துவைத்து, சத்தமில்லாமல் இரண்டு நிமிடம் துலக்கினார். முரட்டு நாரை வெந்நீரில் ஊறவைத்து மெத்தென்று ஆக்கிக்கொண்டு, வட்டமாக, முப்பத்தொன்றையும். பிறகு பிரஷைத் தாளில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த தெருவில் இருக்கிற தொழிற்சாலைக்குப் போவார். ஐந்தரை மணி டீ நேரத்தில் வீட்டுக்கு ஓடிவந்து ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்புவார். நான்காவது நாள் மாவு பிசைபவர் தன் ஈர பிரஷை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். பத்தாவது நாள் தட்டில் பதினேழு பிரஷ் இருந்தது. யாரும் யாரிடமும் மூச்சு விடவில்லை. கைப்பிடியில் நூல் சுற்றிக்கொண்டார்கள், மாறிப்போகாமல் இருக்க.

ஒரு நாள் டீ நேரத்தில் ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்புகிறார், வாசலில் ஈரத் தணிக்கையாளர் நிற்கிறாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் குறிப்பேடு. உள்ளே வந்தாள். பிரஷை எடுத்தாள். நாரைக் கட்டைவிரலால் வருடினாள். அடுப்புக்காரரின் வேலை அந்தக் கட்டைவிரலின் கீழே இருந்தது.

"காஞ்சிருக்கு," என்றாள். பிறகு, "சூடா இருக்கே," என்றாள்.

மனைவிதான் முந்திக்கொண்டாள்.

"வெயில்ல வச்சிருந்தேங்க."

வெளியே இன்னும் விடிந்திருக்கவில்லை. தணிக்கையாளர் ஜன்னலைப் பார்த்தாள். இருட்டைப் பார்த்தாள். அடுப்புக்காரரின் சட்டையில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தாள். குறிப்பேட்டைத் திறந்து, ஈரம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்றும், காரணம் என்ற கட்டத்தில் 'வெயில்' என்றும் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

அறிக்கை மேலே போயிருக்கும், நாளைக்கு ஆள் வரும் என்று நினைத்தார். மறுநாள் ஐந்து மணிக்குத் தொழிற்சாலையின் பின்கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் அவளே நின்றாள். அடுப்புக்காரர் தட்டை மறைத்து நின்றார். பதினேழு பிரஷை ஒரு முதுகால் எப்படி மறைப்பது?

அவள் உள்ளே வரவில்லை. பையிலிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். வாங்கும்போதே அவர் உள்ளங்கை நனைந்தது. பிரித்தார். இரண்டு பிரஷ். ஒன்று வாரியத்தின் முத்திரை போட்டது. இன்னொன்று அவருடைய சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது.

"அது என் பொண்ணோடது," என்றாள். "மூணு வயசு. அஞ்சரைக்கு எனக்குத் தணிக்கை ஆரம்பம், அதுக்குள்ள வீட்டுல மாட்டணும்."

"எட்டு நிமிஷம்," என்றார் அடுப்புக்காரர். சின்ன பிரஷைச் சூடு குறைந்த முன்விளிம்பில் தனியாக வைத்தார்.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சார், எப்படி விளக்கணும்னு கேக்கறா. எனக்குச் சொல்லித் தரத் தெரியல. நான் படிச்சு முடிச்சதும் நேரா வாரியத்துல சேந்துட்டேன்," என்றாள்.

அடுப்புக்காரர் காய்ந்திருந்த தன் பிரஷை எடுத்தார். இடது கையை மூடி, விரல் முட்டிகளைப் பல்வரிசையாக வைத்துக்கொண்டு, மெதுவாகக் காட்டினார். இங்கே ஈறு, இங்கேயிருந்து தொடங்கணும், அழுத்தக்கூடாது, வட்டமாக, அவசரப்படாமல், பின்பக்கத்தை விட்டுவிடாமல். அவள் குறிப்பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் கையை மூடி விரலால் அதே மாதிரி செய்து பார்த்தாள். இரண்டு முறை தப்பாகச் செய்தாள். அவர் மறுபடியும் காட்டினார்.

அதில் அன்றைய முதல் தட்டு ரொட்டி கருகிவிட்டது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. மேற்பார்வையாளர் வாசனை பிடித்து ஓடிவந்து, கருகிய தட்டைப் பார்த்தார், பின்கதவில் நின்ற தணிக்கையாளரைப் பார்த்தார், அடுப்பின் மேலே பார்த்தார். பிறகு, சிவப்பு நூல் சுற்றிய தன் பிரஷ் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்து, எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.